முழு விலையும் ஒரே தாளில், தமிழில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் வரும் வாகன விளம்பரங்களைச் சில மாதங்களாகக் கவனித்து வருகிறேன். "மாதம் இவ்வளவு மட்டும்" என்ற தொகை பெரிய எழுத்தில் இருக்கிறது. வண்டியின் மொத்த விலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும், பல விளம்பரங்களில் அது இல்லவே இல்லை. இந்த விளம்பரத்தை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறும் எங்கள் ஆட்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். 2013இல் வாங்கிய வண்டி. ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று மேடும் பள்ளமுமாக ஓடி, கிளச் பிளேட்டும் பிரேக்கும் மாற்றி மாற்றியே ஓய்ந்துவிட்டது. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து புது வண்டி விலை எங்கோ போய்விட்டது, பழைய வண்டிக்கும் கிராக்கி. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள் என்றதும், இனியாவது மாற்றிவிடலாம் என்று கிளம்பினோம்.

முதலில் போன வாகன விற்பனை நிலையத்தில் உட்கார வைத்து, பிளேன்டீ கொடுத்து, விற்கிற தம்பி கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்குறேன்." கணவர் 27,000 வரை முடியும் என்று சொல்லிவிட்டார். அதுதான் எங்கள் பிழை. அந்த ஒரு தொகையை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அவர்கள் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம்.

எப்படி என்று சொல்கிறேன். வண்டி விலை 20 இலட்சம். பாதியை நாங்கள் போட்டால் மிச்சம் 10 இலட்சம் லீசிங், அதாவது தவணைக் கடன். நான்கு வருடத்துக்கு மாதம் 30,400. "அது கஷ்டம்" என்றதும் உடனே 26,500 ஆக்கிக் காட்டினார்கள். கணவர் முகத்தில் சந்தோஷம். தவணைக் காலத்தைப் பார்த்தேன், நான்கு வருடம் ஐந்தாகியிருந்தது. 48 மாதத்தில் கட்ட வேண்டியது 14 இலட்சத்து 59,200. 60 மாதத்தில் 15 இலட்சத்து 90,000. மாதம் 3,900 குறைந்ததற்காக மொத்தத்தில் 1 இலட்சத்து 30,800 ரூபா கூடப் போகிறது. வருமானம் குறைந்த குடும்பத்துக்குச் சில வேளை ஐந்து வருடம்தான் சரிப்பட்டு வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மொத்தத் தொகையைக் கண்ணால் பார்த்துவிட்டு அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. போனில் நானே கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது, அவர்களிடமே விலைக்குக் கொடுக்க நினைத்த பழைய வண்டி. பார்த்தவுடனே 6 இலட்சத்து 50,000 என்றார்கள். காரணம், "மலையில ஓடின வண்டி". சரி, அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏற்றத்தில் ஓடும் என்ஜின் சீக்கிரம் தேயும். ஆனால் அதே வண்டியை வாங்கி அவர்கள் விற்கப்போவதும் மலையில் இருக்கிற இன்னொருவருக்குத்தானே! பேசிப் பேசி 7 இலட்சத்து 25,000 வரை கொண்டுவந்தோம். 75,000 ஏற்றிவிட்டோம் என்ற திருப்தியில் 25,000 ரூபா முற்பணமும் கட்டிவிட்டு வந்தோம். கையில் கிடைத்தது ஒரு துண்டு ரசீது. தொகையைத் தவிர அதில் வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுவாரம் போனபோதுதான் மற்றக் கணக்கு வெளியே வந்தது. டொக்குமென்ட் சார்ஜ் 18,000. பதிவுச் செலவு 25,000. சீட் கவர், மெட், அலாரம் எல்லாம் சேர்த்து ஒரு "பெக்கேஜ்" 42,000. மொத்தம் 85,000. பழைய வண்டிக்கு ஏற்றிக் கொடுத்ததை விட 10,000 அதிகமாகவே திரும்ப எடுத்துவிட்டார்கள். என் அம்மா கொழுந்து பறித்தவர், எந்தச் செலவையும் 'பேர்' கணக்கில்தான், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கில்தான் பார்ப்பார். 2024இல் 1,350 ரூபாவாக உயர்ந்த அடிப்படை நாட்சம்பளத்தில் இந்த 85,000 என்பது 63 பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் 63 நாள் மலையில் நின்று உழைத்த காசு.

அன்று கணவரிடம் இன்னொன்றும் நீட்டினார்கள். பழைய வண்டியின் உரிமை மாற்றப் படிவம். வாங்குபவர் பெயர் இல்லை, திகதி இல்லை, கையொப்பம் மட்டும் வேண்டுமாம். ஓப்பன் பேப்பர் என்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் எவ்வளவு ஆபத்து என்று பலருக்குத் தெரியாது. பெயர் மாறும் வரை பதிவேட்டில் நீங்கள்தான் உரிமையாளர். அந்த வண்டி நாலு கை மாறி எங்காவது விபத்தில் சிக்கினால் பொலிஸ் முதலில் உங்கள் லயத்து வீட்டைத் தேடித்தான் வரும். கணவர் கையெழுத்துப் போடவில்லை. அதற்காக நான் இன்றும் அவரை மெச்சுகிறேன்.

நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். முற்பணம் திரும்பாது என்றார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யப்போகிறேன் என்று சொன்ன பிறகு, மூன்று வாரம் கழித்துத் தந்தார்கள். அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் எங்கள் பாடசாலையில் சக ஆசிரியர்கள் பலருக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை. லீசிங் கம்பனியோடு பிரச்சினை என்றால் மத்திய வங்கியின் 1935க்குப் பேசலாம்.

இரண்டாவது இடத்துக்குப் போகும்முன் வேலையை மாற்றிச் செய்தோம். பழைய வண்டியைக் கராஜ் மெக்கானிக் ஒருவரிடமும், வாங்க ஆசைப்பட்ட இரண்டு டிரைவர்களிடமும் காட்டி விலை கேட்டோம். டிக்கோயாவில் ஒருவர் 8 இலட்சத்துக்கு எடுத்துக்கொண்டார். படிவத்தில் அவர் பெயர், திகதி, இரண்டு பேர் கையொப்பம் எல்லாம் எழுதி, ஒரு பிரதியை நாங்கள் வைத்துக்கொண்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அறிவித்தோம். அப்புறம் காசோடு போய்ப் புது வண்டியின் விலையை மட்டும் பேசினோம். அது முடிந்த பின்தான் லீசிங் பேச்சு. பதிவுச் செலவுக்குத் திணைக்களத்தின் ரசீதைக் காட்டச் சொன்னோம், கேட்டதில் பாதிகூட வரவில்லை. பெக்கேஜ் வேண்டாம் என்றோம், பேசாமல் எடுத்துவிட்டார்கள். காப்புறுதிக்கு அவர்கள் காட்டிய கம்பனியை விட்டு இன்னும் இரண்டு இடத்தில் கேட்டோம், 14,000 குறைந்தது. டொக்குமென்ட் சார்ஜை மட்டும் அசைக்க முடியவில்லை, கட்டினோம்.

இதில் எதுவும் பெரிய சாமர்த்தியம் இல்லை. எனக்குச் சிங்களமும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். எங்களுக்குத் தந்த ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் கேட்டேன், இல்லை என்றார்கள். என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாமார் எத்தனை பேர் இப்படி வாசிக்காத தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்! தவணை இரண்டு தவறினால் வண்டியை இழுத்துக்கொண்டு போகலாம் என்பதும், கட்டி முடிக்கும் வரை சீ.ஆர். என்கிற வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயரே முழு உரிமையாளர் என்று இருக்கும் என்பதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. தமிழ் இந்த நாட்டில் அரசகரும மொழி. எங்கள் காசை வாங்குகிறவர்கள் எங்கள் மொழியில் எழுதித் தருவது சலுகை ஆகாது.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வாகன விளம்பரம் தருகிறவர்களிடம், மாதத் தவணை போடுகிற இடத்தில் மொத்த விலை, தவணைகளின் எண்ணிக்கை, கடைசியில் கட்டி முடிக்கும் தொகை மூன்றையும் அதே அளவு எழுத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள். அடுத்தது, முற்பணம் கட்டும்முன் வண்டி விலை, பழைய வண்டியின் மதிப்பு, ஒவ்வொரு கட்டணம், முற்பணம் திரும்பக் கிடைக்குமா இல்லையா என்பதெல்லாம் தமிழில் அச்சிட்ட ஒரே தாளில் கிடைக்க வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் தலையங்கத்தில் எழுதுங்கள். தைப்பொங்கலுக்கு முன் எங்கள் பக்கம் பலர் சீட்டு எடுத்து வண்டி வாங்கப் போவார்கள். அதற்கு முன்பாக வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
நோர்வூட்.