ஆச்சியைப் பற்றி நீ கேட்ட கேள்வி

கிழக்குத் தாம்பரம்,
சென்னை.

அன்பு மகளே,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். தேவ கிருபையால் நாங்கள் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமரின் புத்தகத்தை ஆர்வமாக ஆரம்பித்ததாகவும், சைவராகவே காலமான ஆச்சியின் நினைவு வந்ததும், அவரைக் கிரேமர் எங்கே நிறுத்துவார் என்ற கேள்வியில் மேலே வாசிக்க மனம் வராமல் மூடிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். இறையியல் நூல்களை அதிகம் படித்தால் விசுவாசம் வறண்டுபோகும், வேதம் மட்டும் போதும் என்று உங்கள் ஜெபக்குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்னாராமே. உன்மேல் உள்ள அக்கறையில் சொல்லியிருப்பார். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் சொன்ன கையோடு, முழு மனதோடும் அன்புகூரச் சொன்னார் ஆண்டவர். செருப்பைப் போல அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. மூடிய புத்தகத்தைத் திரும்பவும் எடு.

நீ இப்போது குடியிருக்கும் லெய்டனில் பேராசிரியராக இருந்தவர் கிரேமர். ஆனால் அந்தப் புத்தகம் எழுதப்பட்டதே நம் தாம்பரத்துக்காகத்தான். 1938 டிசம்பரில் அகில உலக மிஷனரி மாநாடு கூடியது, நீ சின்ன வயதில் மான் பார்க்கப் போவாயே, அந்தக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில். முதலில் சீனாவில் ஹாங்சௌ நகரில் நடத்துவதாக இருந்து, ஜப்பான் அங்கே போர் தொடுத்ததால் இங்கே மாற்றினார்கள். கிறிஸ்துவுக்குள் தேவன் தம்மை வெளிப்படுத்தியதை எந்த மதத்தின் தொடர்ச்சியாகவும் முதிர்ச்சியாகவும் பார்க்க முடியாது என்று அந்த நூலில் கிரேமர் அழுத்திச் சொன்னார்.

அதே 1938இல் சென்னையிலிருந்தே அவருக்குப் பதில் வந்தது. எழுதியவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். பி. செஞ்சையா, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தவர். வி. சக்கரைச் செட்டியார், வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், பின்னாளில் சென்னை மேயர். அங்கி போட்ட போதகர்கள் யாரும் இல்லை; கோர்ட்டுக்கும் கூட்டத்துக்கும் போய்வந்து இரவில் உட்கார்ந்து எழுதிய சாதாரண விசுவாசிகள். எனக்கு அவர்கள்மேல் தனிப் பிரியம் உண்டு. கிறிஸ்துவை ஒரு புதிய சிருஷ்டியின் தொடக்கமாகக் கண்டவர் செஞ்சையா. அதே நேரம், தன்னை வளர்த்த இந்து மரபை வெறுத்து ஒதுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஞானஸ்நானம் பெற்ற முதல் தலைமுறைக்குத்தான் அந்த வலி முழுதாகப் புரியும். எனக்குப் புரிகிறது.

ஆச்சி கடைசிவரை சைவர்தான். விடிந்ததும் நெற்றி நிறையத் திருநீறு, வாயில் திருவாசகம். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று நான்கு மணி ஆராதனைக்கு எழுந்து வெந்நீர் போட்டு என்னை எழுப்பிவிட்டதும் அவர்தான். உன் ஞாயிறு பள்ளி மனப்பாட வசனங்களைக் கேட்டதும் அவர்தான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே, இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் நீ ஒரு சொல்லை விட்டாலும் "முதலிலிருந்து சொல்லு" என்பார். அவரைக் கிரேமர் எங்கே நிறுத்துகிறார் என்று கேட்கிறாய்.

கிரேமரை அவசரப்பட்டு வாசிக்காதே. மனிதர் கட்டி எழுப்பிய கிறிஸ்தவ மதமும் அதே கிறிஸ்துவின் நியாயத்தீர்ப்புக்கு உட்பட்டதுதான் என்று அவர் சொல்வதைக் கவனித்தாயா? ஆச்சி ஒரு வரிசையிலும் நான் இன்னொரு வரிசையிலுமாக அங்கே நிற்கவில்லை. தீர்ப்பின் முன்னும் கிருபையின் முன்னும் எல்லாருக்கும் ஒரே தரைதான். ஜெர்மனி ஹாலந்தைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் பிணைக்கைதியாக அடைபட்டிருந்தவர் அவர். தன் விசுவாசத்துக்கு விலை கொடுத்தவரின் கண்டிப்பு என்பதால், வலித்தாலும் நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஆச்சியின் அடுப்படியில் உட்கார்ந்து அவர் எழுதவில்லை. அதற்குச் செஞ்சையா வேண்டும். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்று நான் உன்னிடம் சொல்லமாட்டேன். நான் இருவரையும் வைத்திருக்கிறேன்.

அடுத்து லெஸ்லி நியூபிகினை வாசி. 1965 முதல் 1974 வரை நம் சென்னைப் பேராயராக இருந்தவர். அதற்கு வெகுகாலம் முன்பு காஞ்சிபுரத்தில் இளம் மிஷனரியாக இருந்தபோது, இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து உபநிடதத்தையும் சுவிசேஷத்தையும் மாறி மாறி வாசித்தவர். பல சமயங்கள் வாழும் சமுதாயத்தில் சுவிசேஷம் என்ன என்பது பற்றி 1989இல் அவர் எழுதிய நூலில், யார் இரட்சிக்கப்படுவார் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை, அது தேவனுக்கே உரியது என்கிறார். கிறிஸ்துவே வழி என்பதில் இம்மியும் விட்டுக்கொடுக்காமல்தான் இதைச் சொல்கிறார். ஆச்சி காலமான பிறகு என்னைத் தாங்கிய பக்கங்கள் அவை.

வேதம் மட்டும் போதும் என்கிறாரே அந்தப் பெரியவர், அவரோடு சேர்ந்தே, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பார். "மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும்" என்றுதான் பவுல் ஆரம்பிக்கிறார். கிறிஸ்துவை ஏற்காத தன் சொந்த ஜனத்துக்காகத் தானே சாபமாகவும் தயார் என்கிறார். கேள்வி கேட்கிறார், பதில் தேடுகிறார், வேதவசனங்களைப் புரட்டிப் புரட்டி மூன்று அதிகாரம் போராடுகிறார். சொந்தக்காரருக்காக அழுதுகொண்டே எழுதிய இறையியல் அது. முடிவில் எந்தக் கணக்கையும் ஒப்படைக்காமல், "ஆ! தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு என்பவைகளின் ஆழம் எவ்வளவாயிருக்கிறது!" என்று துதிக்கப் போய்விடுகிறார். ஆச்சிக்காக நான் ஜெபிக்க உட்காரும்போது இந்த அதிகாரங்களைத்தான் திறக்கிறேன். நீயும் திற. புத்தகம் வாசித்து எழுந்த கேள்வியை அப்படியே ஜெபத்தில் சொல். அழுகை வந்தால் அழு.

செஞ்சையா குழுவினரின் கட்டுரைகளை நகல் எடுத்து, நியூபிகினோடு சேர்த்து இந்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். ஓரத்தில் பென்சில் குறிப்புகள் என்னுடையவை. எனக்கு எங்கெங்கே மறுப்பு இருந்ததோ அங்கெல்லாம் எழுதியிருக்கிறேன். உனக்கு என்னோடு மறுப்பு இருந்தால் அதையும் பக்கத்திலேயே எழுது. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா, உட்கார்ந்து பேசுவோம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

உன் அன்புள்ள
அம்மா