நினைவுச்சின்னத்துக்குப் பீடம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக மக்கள் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்த நாளிலிருந்து, அன்று அதே வழியில் நடந்து வந்து மாண்டுபோன நம் முன்னோருக்கு நாம் சிலை எழுப்பினால் அது எப்படியிருக்க வேண்டும் என்ற யோசனை என்னை விடவில்லை. ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியன் என்ற முறையில், அயர்லாந்துச் சிற்பி ரோவன் கில்லெஸ்பியின் வேலைகளை இதற்காக நாம் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதத் துணிகிறேன்.

1953 இல் டப்ளினில் பிறந்து, சைப்ரஸில் வளர்ந்து, இங்கிலாந்திலும் நோர்வேயிலும் கலை பயின்று, 1977 இல் தாய்நாடு திரும்பியவர் அவர். மெழுகில் உருவம் செய்து, அச்சுக்குள் வைத்துச் சூடேற்றி, மெழுகு வடிந்த இடத்தில் வெண்கலத்தை உருக்கி ஊற்றுவது அவரது முறை. சுவாமிமலை ஸ்தபதிகள் வழிவழியாகச் செய்துவருவதும் அடிப்படையில் இதுவே. சிற்பிகள் பலர் வார்ப்பு வேலையைப் பட்டறைக்காரரிடம் ஒப்படைத்துவிடும்போது, இவர் தம் சொந்த உலைக்களத்தில் முதல் மெழுகிலிருந்து கடைசி மெருகு வரை தனியாளாகச் செய்கிறார்.

டப்ளினில் லிஃபி ஆற்றங்கரைத் துறையில் 1997 இல் நிறுவப்பட்ட ‘பஞ்சம்’ என்னும் சிற்பத் தொகுதிதான் அவர் பெயரை உலகறியச் செய்தது. 1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கைத் தாக்கிய நோய் நமக்கு அந்நியமானதல்ல. மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் இலை கருகிக் கிழங்கு அழுகுவதை நுவரெலியா விவசாயி இன்றும் காண்கிறார். அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் மடிய, ஏறக்குறைய அதே தொகையினர் கப்பலேறினர். தானியம் அப்போதும் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. கில்லெஸ்பியின் மனிதர்கள் ஒட்டிய கன்னங்களோடும் கந்தல் உடையோடும் சிறு மூட்டைகளை மார்போடு அணைத்தபடி நடக்கிறார்கள். ஒருவர் துவண்ட பிள்ளையைத் தோளில் குறுக்காகச் சுமக்கிறார். பின்னால் ஒரு நாய் வருகிறது. பீடம் எதுவுமில்லை. வழிப்போக்கர் அவர்கள் நடுவே புகுந்து, முகத்துக்கு முகம் பார்த்து நடக்கலாம்.

அந்தப் பயணத்தின் மறுகரையை அவர் 2007 இல் ரொறன்ரோ ஏரிக்கரையில் நிறுத்தினார். சுமார் 20,000 பேர் வாழ்ந்த அந்நகருக்கு 1847 இல் 38,000 அயர்லாந்தியர் வந்திறங்க, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தனர். கைகளை வானுக்கு உயர்த்தி நிற்கும் ஒருவரும், தரையில் வீழ்ந்து கிடக்கும் இன்னொருவரும், கர்ப்பிணிப் பெண்ணொருத்தியும் அங்கே உள்ளனர். கனடாவிலுள்ள நம் உறவினர் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

நம் பக்கம் வருவோம். எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சீமெந்துச் சிலை வைத்திருக்கிறார்கள். உதட்டில் சிவப்புச் சாயம், முகத்தில் விளம்பரப் பலகைச் சிரிப்பு. தலையில் மாட்ட வேண்டிய கூடைக் கயிற்றைப் புத்தகப்பை போலத் தோளில் மாட்டிவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு வந்த கிழவியொருத்தி, “இப்படிப் போட்டா மத்தியானத்துக்குள்ள தோள் கழன்டுரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைவிடப் பெரிய பிழையொன்றும் நேரக்கூடும். மன்னார்க் காட்டுவழியே முதலில் நடந்து வந்தவர்கள் தேயிலைக்கு வந்தவர்களல்லர், கோப்பிக்கு வந்தவர்கள். தேயிலை இங்கு தோட்டப் பயிரானது 1867 இல்தான். ஆகவே அவர்களது சிலைக்குக் கொழுந்துக்கூடை பொருந்தாது. சட்டி பானையும் துணிமூட்டையும் இடுப்புப் பிள்ளையுமே பொருந்தும். வெண்கலத்துக்கு வசதியில்லாவிட்டால் சீமெந்தே போதும், ஆனால் அவர்கள் நடந்த அதே பாதையோரத்தில், தரையோடு தரையாக, நம் உயரத்தில் நிற்கட்டும். வேலையைத் தொடங்குமுன் சிற்பி எங்கள் லயங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்து, சும்மாட்டை எப்படிச் சுருட்டி வைப்பது என்று வயதான பெண்களிடம் கேட்டுப் போகட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
ஹட்டன்.