கோர்னியா சிகா: குரோவேஷியாவுக்கும் செர்பியாவுக்கும் ஒரு திறந்த மடல்

குரோவேஷிய, செர்பிய வெளியுறவு அமைச்சர்களுக்கு வணக்கம்.

உங்கள் இரு நாடுகளுக்கும் இடையே ஓடும் டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில் கோர்னியா சிகா என்று ஒரு காடு இருக்கிறது. சுமார் 7 சதுர கிலோமீட்டர். வெள்ளக் காலத்தில் தண்ணீர் ஏறும் தாழ்நிலம், ஊர் என்று எதுவும் கிடையாது. 2015 ஏப்ரல் 13 அன்று செக் நாட்டு அரசியல்வாதி வீட் யெட்லிச்கா அங்கே மஞ்சள் கொடியை ஏற்றி, லிபர்லேண்ட் என்ற புதிய நாடு பிறந்துவிட்டதாக அறிவித்தார். ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட இதுவரை அதை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் அதற்குக் குடியரசுத் தலைவர் இருக்கிறார். 2024-ல் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் அதன் பிரதமரானார். சொந்தமாகக் கிரிப்டோ நாணயமும் வைத்திருக்கிறார்கள். குடியுரிமை விண்ணப்பங்களோ லட்சக்கணக்கில் வந்ததாகச் சொல்கிறார்கள்.

அவர்களிடம் கேட்க எனக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் முதலில் உங்கள் இருவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் காடு யாருக்கும் சொந்தமில்லாத நிலம்போல உலகத்துக்குத் தெரிவதற்குக் காரணம் நீங்கள்.

வரலாறு உங்களுக்குத் தெரியும், தமிழ் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டில், ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் பேரரசர்கள் ஆட்சியில், டான்யூபின் வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள். ஆறு இடம் மாறியது. கிராமங்களின் நில அளவைக் கோடுகள் மட்டும் பழைய வளைவுகளிலேயே நின்றுவிட்டன. குரோவேஷியாவும் செர்பியாவும் யூகோஸ்லாவியா என்ற ஒரே நாட்டுக்குள் குடியரசுகளாக இருந்தவரை அது யாருக்கும் தொல்லையாக இல்லை. நாடு உடைந்ததும் பழைய குடியரசுகளின் எல்லைகளே நாட்டு எல்லைகள் என்றானது. அந்த எல்லை எது என்பதில்தான் சண்டை. நில அளவைக் கோடுதான் என்கிறது குரோவேஷியா. இன்று ஓடும் ஆற்றின் நடுவோட்டம்தான் என்கிறது செர்பியா. குரோவேஷியாவின் கணக்குப்படி, இப்போது செர்பியாவின் கையில் இருக்கும் கிழக்குக் கரையில் 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் அதற்கு வர வேண்டும். அதே கணக்குப்படி மேற்குக் கரையில் சில சின்னத் துண்டுகள் செர்பியாவுக்குப் போக வேண்டும். அந்தத் துண்டுகளில் பெரியது சிகா. குரோவேஷியா அதற்கு உரிமை கொண்டாடினால் கிழக்குக் கரைக் கோரிக்கை பலவீனமாகிவிடும். செர்பியா கொண்டாடினால் பழைய நில அளவைக் கோட்டை எல்லையாக ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரிய நிலத்தை விட்டுவிடக் கூடாது என்றுதான் இருவரும் சின்ன நிலத்தைத் தொடாமல் இருக்கிறீர்கள்.

குரோவேஷிய அமைச்சரே, இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அல்ல, எல்லைத் தகராறில் மூன்றாமவர் நுழைந்து பிடிக்க முடியாது என்று உங்கள் அமைச்சகம் சொல்லியிருக்கிறது. சட்டப்படி அது சரியான நிலைப்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் 2015-லிருந்து உங்கள் காவல்துறை அங்கே போனவர்களைப் பல முறை கைது செய்திருக்கிறது. 2023 செப்டம்பரில், தங்க வந்தவர்களை வெளியேற்றி அவர்கள் போட்டிருந்த கொட்டகைகளையும் பிரித்துப்போட்டது. உங்கள் கணக்குப்படியே செர்பியாவுக்குச் சேர வேண்டிய நிலத்தில் எந்த அதிகாரத்தில் இதைச் செய்கிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். செர்பிய அமைச்சரே, இதை அற்ப விஷயம் என்று 2015-ல் உங்கள் அமைச்சகம் ஒதுக்கியது. உங்கள் எல்லைக்கு இது அற்பம்தான். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு அப்படி இல்லை.

என் தம்பி மகன் ஒருநாள் கைபேசியை நீட்டினான். மஞ்சள் கொடி, நடுவில் கறுப்புப் பட்டை, கீழே விண்ணப்பப் படிவம். "பெரியப்பா, இது ஐரோப்பாலதானே இருக்கு? அப்ப ஜெர்மனிக்கு வேலைக்குப் போலாம்ல?" விவரம் தெரியாத பையன் அல்ல, டிப்ளமோ முடித்தவன். குரோவேஷியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, 2023-லிருந்து எல்லைச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகக்கூடிய ஷெங்கன் பகுதியிலும் இருக்கிறது. வரைபடத்தில் அதை ஒட்டி இருக்கும் ஒரு நாட்டைப் பார்த்தால் இப்படித்தான் கேட்கத் தோன்றும். அவனுக்கு நான் விளக்கினேன். மற்றவர்களுக்கு யார் விளக்குவார்கள்? 2015-லேயே எகிப்தின் வெளியுறவு அமைச்சகம் தன் மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. எகிப்து செய்த வேலையை அந்தக் கரையில் நிற்கும் நீங்கள் செய்திருக்க வேண்டும்.

லிபர்லேண்டில் இருப்பவர்கள் எல்லோரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்த வரி, சின்ன அரசு என்ற கொள்கையை உண்மையிலேயே நம்புகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் ஒரு நாடு என்றால் நிலையான மக்கள் வேண்டும் என்று 1933-ன் மான்டிவீடியோ ஒப்பந்தம் சொல்கிறது. தங்க வந்தவர்களையே வெளியேற்றிவிடும் நிலையில் குடியுரிமைத் தாளை வைத்துக்கொண்டு ஒருவர் எங்கே குடியிருப்பார்?

எல்லைப் பேச்சு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பீர்கள். 2002-ல், இதே தகராறில் உள்ள டான்யூப் தீவான ஷாரென்கிராடுக்குப் படகில் போன குரோவேஷிய அதிகாரிகளையும் பொதுமக்களையும் செர்பியத் தரப்பு ராணுவத்தினர் எச்சரிக்கைத் துப்பாக்கிச் சூடு நடத்தித் தடுத்துப் பிடித்துவைத்தார்கள். படகில் குழந்தைகளும் இருந்தார்கள். அன்றும் பேசித் தீர்ப்போம் என்றுதான் சொன்னீர்கள். 2018-ல், இரண்டு ஆண்டுகளில் முடியாவிட்டால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற பேச்சும் வந்தது. இன்னும் கோடு போட்டபாடில்லை.

எல்லையைத் தீர்க்காமலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 1959-ன் அண்டார்டிகா ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு, ஒப்பந்தப்படி நடக்கும் எந்தச் செயலும் யாருடைய நில உரிமைக் கோரிக்கையையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாது என்கிறது. அதே மாதிரி ஒரு வரியை எழுதிக் கையெழுத்திட்டு, சிகாவை இருவரும் சேர்ந்து தற்காலிகமாகப் பராமரிக்கலாம். உங்களுக்கு இது புதிதும் அல்ல. 2021-ல் யுனெஸ்கோ அறிவித்த முரா-திராவா-டான்யூப் உயிர்க்கோளக் காப்பகத்தில் இரண்டு நாடுகளும் பங்காளிகள். வெண்வால் கழுகு கூடு கட்டும் அந்த ஆற்றுக் காடுகளைச் சேர்ந்து காக்க முடிகிறதென்றால், இந்த 7 சதுர கிலோமீட்டரையும் சேர்ந்து காக்க முடியும்.

அதற்கு நாளாகும் என்றால், ஒரு கூட்டறிக்கையாவது உடனே வெளியிடுங்கள். இந்த நிலத்தின் பேரில் வழங்கப்படும் குடியுரிமைக்கோ கடவுச்சீட்டுக்கோ எங்கள் இரு நாடுகளிலும் மதிப்பில்லை, அதைக் காட்டி எல்லையைக் கடக்க முடியாது என்று அதில் தெளிவாக எழுதுங்கள். அரபியிலும் ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் மொழிபெயர்த்து, கெய்ரோவிலும் புதுதில்லியிலும் உள்ள உங்கள் தூதரகங்களின் விசாப் பக்கத்தில் முதல் வரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்