3.20 பஸ்ஸும் நம் கல்லூரி மன்றங்களும்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கல்லூரிகளின் முதல்வர்களுக்கு,

வணக்கம். இன்னும் கொஞ்ச நாளில் புது பேட்ச் வந்துவிடும். வரவேற்பு விழா மேடையில் நம் கல்லூரியில் இத்தனை மன்றங்கள் இருக்கின்றன என்று பட்டியல் வாசிப்பீர்கள், பெற்றோர் கைதட்டுவார்கள். அந்த மன்றங்கள் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறையில் கூடும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பல கல்லூரிகளில் அவை கூடுவதே இல்லை என்பதுதான் காரணம்.

நான் செய்யாறு பக்கத்துப் பெண். தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு, விடுதி வாசம். கல்லூரியின் பெயர் வேண்டாம். மற்ற கல்லூரித் தோழிகளிடம் பேசிப் பார்த்ததில் எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

மன்றத் தொடக்க விழா மட்டும் தவறாமல் நடக்கும். குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை, பின்வரிசையில் உட்காரவைக்க ஏதோ ஒரு வகுப்பை மொத்தமாக ஓட்டிக்கொண்டு வருவது, இடமும் நேரமும் பதிந்த ஜியோடேக் படங்கள், கூகுள் ஃபார்மில் கருத்துக்கணிப்பு, அப்புறம் மெயிலில் சான்றிதழ். எல்லாம் கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தரும் ‘நாக்’ அமைப்புக்குக் காட்ட ஃபைலுக்குள் போய்விடும். அடுத்த கூட்டம் அடுத்த வருடத் தொடக்க விழாதான்.

கூட வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் நேரம் எங்கே? கடைசி வகுப்பு 3.10க்கு முடிகிறது. 3.20க்கு கல்லூரி பஸ் கிளம்பிவிடும். தவறவிட்டால் ஜி.எஸ்.டி. ரோடு வரை நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, ரயில் ஏறி ஆவடிக்கோ எண்ணூருக்கோ போய்ச் சேர இருட்டிவிடும். விடுதியில் இருக்கும் எங்களுக்கோ மாலை 6.30க்கு வருகைப் பதிவு. பையன்கள் விடுதியில் அது 9 மணி. இதைப் பற்றித் தனி மடலே எழுதலாம்.

கல்ச்சுரல்ஸ் டீம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆடிஷனும் இருக்கிறது. பள்ளியிலேயே மேடை ஏறிப் பழகியவர்களும் நல்ல ஆங்கிலம் பேசுபவர்களும் தேர்வாவார்கள், வகுப்புக்கு வராவிட்டாலும் வருகை தரும் ஓ.டி. வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கோப்பையோடு வருவார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் சுமாராகப் பாடுகிறவள், செஸ்ஸில் எப்போதும் தோற்கிறவன், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள நினைக்கிறவள் எல்லாம் எங்கே போவது? ஊரைவிட்டு வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் கோப்பையைவிடப் பேச்சுத்துணைதான் அவசரம்.

எனக்கு அது கிடைத்தது ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில். சாப்பாட்டு இடைவேளையில் சீனியர் அக்கா ஒருவர் குரோஷா ஊசியும் உல்லன் நூலுமாக உட்கார்ந்திருப்பார். வேடிக்கை பார்க்கப் போனவள் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டார். சங்கிலிப் பின்னல் போடவே எனக்குப் பல நாள் ஆயிற்று. நூலை இறுக்கிப் பிடித்தால் ஊசி நுழையாது, தளர விட்டால் பின்னல் தொளதொளக்கும். அக்கா சிரித்துக்கொண்டே அவிழ்த்துவிட்டு மறுபடி கொடுப்பார். கை வேலையாக இருக்கும்போது பேச்சு தானாக வருகிறது. எதிரெதிரே உட்கார்ந்து ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றால் யார் பேசுவார்கள்? வேறு வேறு துறைகளிலிருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். நூல் மலிவாகக் கிடைக்கும் என்று சௌகார்பேட்டைக்குக் கும்பலாகப் போய்வந்தோம். மழைக்காலத்தில் மரத்தடி சேறானதும் ஒரு வகுப்பறை கேட்டோம். பதிவு பெற்ற மன்றம் இல்லை என்று பதில் வந்தது. பதிவு பெற்ற மன்றங்களின் அறைகள் பூட்டியே கிடந்தன.

கூட்டம் சேர்வது பிள்ளைகளின் இயல்பு. கல்லூரி இடம் தராவிட்டால் பஸ் தரும். ஒரு பஸ் ரூட்டில் போகும் மாணவர்கள் கும்பலாகச் சேர்ந்து, தங்களில் ஒருவனைத் தலைவனாக்கி, மற்ற ரூட்டோடு மோதும் ‘ரூட்டு தல’ விவகாரம் இந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல. 2019 ஜூனில் ‘பஸ் டே’ கொண்டாட்டம் என்று பஸ் கூரைமேல் ஏறியவர்கள், பிரேக் போட்டதும் கொத்தாகக் கீழே விழுந்த வீடியோவை எல்லோரும் பார்த்தோம். போலீஸ், தடை, சஸ்பென்ஷன் எல்லாம் ஆயிற்று. ரூட்டு என்ன தருகிறது? ஒரு பெயர், ஒரு பாட்டு, தினமும் சந்திக்கும் ஒரு நேரம், ‘நம்ம பசங்க’ என்ற நினைப்பு. அடிதடியைக் கழித்துவிட்டால் நல்ல மன்றம் தருவதும் இதைத்தான். இதை எந்த ஒழுங்கு நடவடிக்கைக் குழுவும் பேசி நான் கேட்டதில்லை.

மாணவர்களை நம்பி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988இல் தொடங்கியது. இன்றும் பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில், நள்ளிரவுக்குமேல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். அத்தை வீடு திருவான்மியூரில் இருப்பதால் நானும் ஒருமுறை போனேன். டார்ச் அடிக்கக் கூடாது. மணலில் ஆமைத் தடம் தெரிந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். ஒருவர் குச்சியால் மெதுவாகக் குத்திப் பார்ப்பார், மணல் இளகினால் முழங்கைவரை கையை விட்டுத் தோண்டுவார். முட்டைகள் பிங்பாங் பந்துபோல ஒவ்வொன்றாக வரும், ஒரு குழியில் நூறுக்குமேல். அவற்றை வேலி போட்ட பொரிப்பகத்தில் மறுபடி புதைக்கிறார்கள். என் பக்கத்தில் நடந்தவர்களில் யார் எந்தக் கல்லூரி என்று எனக்கு விடியும்வரை தெரியாது. ஆடிஷன் கிடையாது, நடக்கக் கால் இருந்தால் போதும்.

செலவாகும் என்ற கவலையும் வேண்டாம். பிப்ரவரியில் நாடு முழுக்க நான்கு நாள் நடக்கும் வளாகப் பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பாடத்திட்டத்தில் நேரமில்லை என்று சொல்லாதீர்கள். என்.எஸ்.எஸ்.ஸுக்கு இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் என்று கணக்கு வைத்து நடத்துகிறோமே.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாள் கடைசிப் பீரியடை மன்றத்துக்கு விடுங்கள். 3.10க்கு முன்பே நடந்தால் பஸ் பிள்ளைகளும் இருப்பார்கள், விடுதிப் பெண்களும் இருப்பார்கள். சேர விரும்புகிறவர்களை ஆடிஷன் இல்லாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கேட்டால், குரோஷாவோ கேரமோ, ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். சுற்றறிக்கையில் நாளோடும் அறை எண்ணோடும் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி