மழைக்கு முன் மட்குத் தொட்டிகளைக் கவனிக்க வேண்டுகிறோம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன், மொட்டைமாடியில் உள்ள மட்குத் தொட்டிகளை (கழிவை மக்கவைத்து உரமாக்கும் தொட்டிகளை) மூடிவைத்து, அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

தொட்டியில் நாற்றம் வருவதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். சமையலறைக் கழிவு மட்டும் சேர்ந்து, ஈரம் மிகுந்து, காற்றுப் புகாமல் போவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். கரிமச்சத்தும் (கார்பன், சருகில் மிகுதி) தழைச்சத்தும் (நைட்ரஜன், காய்கறித் தோலில் மிகுதி) ஏறக்குறைய 30-க்கு 1 என்ற அளவில் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் செவ்வனே வேலை செய்யும் என்பதால், ஒரு கூடை காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று கூடை சருகு இடுவது நல்லது. தாமிரபரணிக் கரையில் வாழைச் சருகுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முழுதாகப் போட்டால் படிந்து காற்றை மறிக்கும் என்பதால், விரல் நீளத்துக்குக் கிழித்தே போட வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு துளிக்கு மேல் சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு சேர்த்துக் கிளறிவிடவும்.

தேங்காய்ப்பால் பிழிந்து சொதிக் குழம்பு வைக்கும் நாளில் மிஞ்சும் தேங்காய்ச் சக்கையை (நம் வீடுகளில் அது கொஞ்சநஞ்சமல்ல) மொத்தமாகக் கொட்டினால் புளித்து ஈயையும் எறும்பையும் அழைக்கும். சிறிது சிறிதாகக் கலக்கவும். மீன் கழிவு அறவே வேண்டாம்.

வாழைத்தோட்டம் உள்ள உறுப்பினர்கள் சருகு தர இசைந்துள்ளனர். தேவைப்படுவோர் குழுவில் தெரிவித்துவிட்டு, சாக்குடன் சென்று பெற்றுக்கொள்ளலாம்.