மாற்று என்று தனிப் பிரிவு வேண்டாம்: கிட்டார் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் கல்யாண மண்டபம் பிடித்து நாம் நடத்திய மாணவர் இசை மாலைக்கு, ஓசூரில் முதல் ஷிப்ட் முடித்த கையோடு பஸ் ஏறி வந்திருந்தேன். நிகழ்ச்சித் தாளில் இப்படிப் போட்டிருந்தோம்: 'ஜாஸ் பிரிவு – பழைய பாடல்கள், சுத்தமான ஒலி, பெடல் கூடாது. மற்றவை மாற்றுப் பிரிவு.' (பெடல் என்பது கிட்டாரின் ஒலியை மாற்ற, காலால் அழுத்தும் சின்னப் பெட்டி.) அந்தத் தாளை நானும்தான் பார்த்து ஒப்புக்கொண்டேன். அன்று ராத்திரி வீடு திரும்பியதிலிருந்து அது மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

மாற்றுப் பிரிவு என்று ஒதுக்கப்பட்டவள் காவேரிப்பட்டணத்துப் பெண் ஒருத்தி. பதினொன்றாம் வகுப்பு. அவள் முறை வந்தபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. கீழே பந்தி ஆரம்பித்திருந்தது. நாற்காலி அடுக்க வந்த இரண்டு பேரும் நானும் இன்னும் நாலைந்து பேரும்தான் மேலே இருந்தோம். அவள் வாசித்தது பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாள அளவு கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும் இசை. ஜாஸின் அஸ்திவாரமே அதுதான். ஆனால் காலடியில், வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திருப்பி ஒலிக்கும் ஒரு டிலே பெடல் இருந்தது. எதிரொலி சரியாகத் தாளத்தின் இடுக்கில் வந்து விழும்படி அதன் குமிழைத் திருப்பி வைத்திருந்தாள். ஒரு நோட்டை வாசித்துவிட்டுக் கையை எடுப்பாள், எதிரொலி வந்து பதில் சொல்லும், அதற்கு இவள் மறுபதில் சொல்வாள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். ஏழு சுற்று. ஒரு பார்கூடப் பிசகவில்லை.

அன்று ஆறரை மணிக்கு, மண்டபம் நிறைந்திருந்தபோது, ஜாஸ் பிரிவில் வாசித்தவன் என் மாணவன். நல்ல பையன், உழைப்பாளி. புத்தகத்தில் இருந்ததை அப்படியே மனப்பாடம் செய்து வாசித்தான். நடுவில் பேஸ் வாசித்த பையன் இரண்டு பார் முன்னால் போய்விட்டான். என் மாணவனுக்கு அது தெரியவே இல்லை. தன் பாட்டை முடித்துவிட்டு வணக்கம் சொன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், காது கொடுத்துக் கேள் என்று நான் சொல்லித்தரவில்லை. ஆனால் இதில் எது ஜாஸ், எது மாற்று? நம் தாள் சொன்னது தலைகீழ்.

நாம் 'மெயின்ஸ்ட்ரீம்' என்று சொல்லும் கிட்டார் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சார்லி கிறிஸ்டியன் என்ற கிட்டார்காரர் 1939இல் பென்னி குட்மேன் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். அதுவரை பெரிய வாத்தியக் குழுக்களில் கிட்டாருக்குப் பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) தட்டும் வேலைதான். அவர் கிட்டாரை மின்சாரத்தில் மாட்டி, சாக்ஸபோன் போல ஒற்றை நோட்டுகளாக நீள நீளமாக வாசித்தார். லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் அவர் காதில் அப்படி ஏறியிருந்தது. 1942இல், 25 வயதில் இறந்துபோனார். அந்தச் சில வருட வாசிப்பைத்தான் நாம் இன்று 'முறையான ஜாஸ் கிட்டார்' என்கிறோம்.

சானி ஷாராக் என்று இன்னொருவர். ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு சாக்ஸபோன் வாசிக்க ஆசைப்பட்டார். ஆஸ்துமா விடவில்லை, கிட்டாரை எடுத்தார். கோல்ட்ரேனின் கூச்சலும் கதறலும் கிட்டாரில் வரவேண்டும் என்று ஆம்பை (ஒலிபெருக்கியை) அலறவிட்டு வாசித்தார். 1991இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டில் டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ், கோல்ட்ரேனோடு வருடக்கணக்கில் வாசித்த அதே மனிதர். கிறிஸ்டியன், ஷாராக் இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்தான். தங்கள் காலத்துச் சாக்ஸபோனைக் கிட்டாரில் கொண்டுவரப் பார்த்தார்கள். ஒருவரைப் பாடமாக வைத்தோம், இன்னொருவர் பெயரையே மாணவர்களிடம் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

வெஸ் மான்ட்கோமரியை நாம் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். பகலில் தொழிற்சாலை, ராத்திரியில் கிளப் என்று ஓடிய மனிதர், அதனாலேயே எனக்கு இன்னும் நெருக்கம். தந்தியை மீட்டும் பிக் என்ற சின்னத் தகடு இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தார். அன்றைய பாடமுறைப்படி அது தப்பு. இன்று அதைப் பாடமாக நடத்துகிறோம். அவரே 1967இல் பீட்டில்ஸ் பாடல்களை எடுத்து வாசித்தபோது விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள்.

சரி, இன்றைய நிலைமைக்கு வருவோம். மேரி ஹால்வர்சன் வாசிப்பது நாம் ஆசைப்பட்டுப் படத்தில் பார்க்கும் அதே பெரிய வயிற்று ஆர்ச்டாப் கிட்டார். ஆனால் பெடலால் நோட்டை வழுக்கிக் கோணலாக்குவார், அதனால் அவர் 'மாற்று'. 2019இல் அவருக்கு அமெரிக்காவின் பெருமைக்குரிய மெக்ஆர்தர் நிதிநல்கை கிடைத்தது. ஜூலியன் லாஜ் கையில் டெலிகாஸ்டர், அமெரிக்காவின் 'கன்ட்ரி' பாட்டுக்காரர்களின் கிட்டார். அவர் ப்ளூ நோட் என்ற பழம்பெரும் ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தில், நடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கிட்டாரைப் பார்த்தோ பெடலைப் பார்த்தோ ஆளை எந்தப் பக்கம் உட்காரவைப்பது?

கிராமி விருதிலும் 2024 முதல் 'மாற்று ஜாஸ்' என்று தனி விருது வைத்துவிட்டார்கள். அதே 2024இல், ஜான் மெக்லாஃப்லின் கிட்டாரும் நம் செல்வகணேஷின் கஞ்சிராவும் சேர்ந்த சக்தி குழுவுக்கும் கிராமி கிடைத்தது. ஜாஸிலும் இல்லை, மாற்று ஜாஸிலும் இல்லை, 'உலக இசை' என்ற மூன்றாவது அலமாரியில். 1970களிலிருந்து மெக்லாஃப்லின் ஜாஸையும் நம் இசையையும் இப்படிச் சேர்த்து வாசிக்கிறார்.

நம் ஊரில் இந்தப் பாகுபாட்டின் வலி நமக்கே தெரியும். மாரியம்மன் திருவிழாவில் பம்பைதான் முதல் வாத்தியம். அதே பம்பையைச் சபா மேடையில் ஏற்றினால் 'நாட்டுப்புறப் பிரிவு'. அந்தப் பெண்ணின் அப்பா பம்பைக்காரர். ஏழு சுற்றும் பிசகாத கணக்கு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. விரல் சரியாக விழாததைப் பெடல் மூடி மறைக்கும். எஃப் செவன்த் கார்டு பிடிக்கத் தெரியாமல் மூன்று பெடலோடு வரும் பையன்களை நானும் பார்க்கிறேன். அதற்கு வழி இருக்கிறது. யாராக இருந்தாலும் முதல் இரண்டு சுற்று பெடல் இல்லாமல் வாசிக்கட்டும், அப்புறம் அவரவர் இஷ்டம். கூட வாசிப்பவன் தடுமாறினால் கவனித்துச் சேர்ந்துகொள்கிறானா என்று பாருங்கள். பாட்டில் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். மதிப்பெண் அதற்குக் கொடுங்கள்.

அடுத்த வருடத் தாளில் 'ஜாஸ் கிட்டார்' என்று ஒரே தலைப்புப் போடுவோம். யார் எப்போது வாசிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். அந்தப் பெண்ணை இன்னொரு முறை, பந்திக்கு முன்னால், மேடை ஏற்றுவோம். அவளிடம் நல்ல ஆம்ப் இல்லை, அன்று வாசித்தது இரவல். என்னுடையதைக் கொடுத்துவிட்டேன்.

இதைப் பேச எல்லோரும் கூடினால் நன்றாக இருக்கும். ஓசூரில் என் வீட்டு மொட்டை மாடி காலியாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. கிட்டாரோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்