கம்மலும் திருவிருந்தும்

அன்பு மகளுக்கு,

இயேசுவின் நாமத்தில் தோத்திரம். நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. உங்கள் சபை ஆராதனையில், காதில் கம்மலையும் கழுத்தில் தாலியையும் பார்த்துவிட்டு, திருவிருந்து அப்பம் இருந்த தட்டை உனக்கு நீட்டாமலே அடுத்தவரிடம் கொண்டுபோனார்களாம். கழற்றிவிட்டு வந்தால் அடுத்த மாதம் தருவார்களாம். போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நகை போடாமல் இருப்பதை நான் குறை சொல்லவில்லை. உன் ஆச்சி ஒரு ஸ்தோத்திரப் பண்டிகையில் இரண்டு வளையலையும் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை கையில் ஒரு குந்துமணித் தங்கம் இல்லை. யாரும் கேட்டு வாங்கவில்லை. பக்கத்தில் இரட்டைச் சங்கிலியோடு முழங்கால் போட்ட அத்தைக்கும் நம் சபைப் போதகரான ஐயர் அதே திருவிருந்துப் பாத்திரத்தைத்தான் கொடுத்தார். ஆச்சியும் அத்தையை ஒரு பார்வை பார்த்ததில்லை.

உங்கள் பாஸ்டர் காட்டிய வசனம் 1 பேதுரு 3:3. பொன்னாபரணத்துக்கு முன்னால் அங்கே என்ன இருக்கிறது என்று வாசித்தாயா? "மயிரைப் பின்னி." பொன்னாபரணத்துக்கு அடுத்து உயர்ந்த வஸ்திரம். அங்கே எத்தனை சகோதரிகள் இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களைத் தட்டு தாண்டிப் போகவில்லையே! ஒரே வசனத்தில் பின்னலை விட்டுவிட்டுக் கம்மலை மட்டும் பிடிக்கிறார்கள் என்றால், சட்டம் வேதத்திலிருந்து வரவில்லை, சபையின் பழக்கத்திலிருந்து வந்திருக்கிறது.

இதைத்தான் படித்தவர்கள் சட்டவாதம் என்கிறார்கள். ஒழுங்கு வைப்பது சட்டவாதம் இல்லை. ஒழுங்கில்லாமல் எந்தச் சபையும் நடக்காது. கிறிஸ்து இலவசமாகக் கொடுத்ததற்கு வாசலில் நின்று கட்டணம் வசூலிப்பதுதான் சட்டவாதம். யூதர்களைப்போல விருத்தசேதனம் என்ற நுனித்தோல் நீக்கும் சடங்கைப் பண்ணிக்கொண்டால்தான் இரட்சிப்பு என்று சிலர் கிளம்பியபோது, அப்போஸ்தலரும் மூப்பரும் கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடி இதைத்தான் விவாதித்தார்கள். நம் பிதாக்களாலும் சுமக்க முடியாத நுகத்தடியைச் சீஷர் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டவர் பேதுருதான். அந்தப் பேதுருவே அந்தியோகியாவில், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும், யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியை விட்டு விலகினார். வசனத்துக்குப் பயந்தா விலகினார்? வந்தவர்களுக்குப் பயந்து. பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கேட்டுவிட்டார். உனக்குத் தட்டை நீட்டாத சகோதரரும் யார் கண்ணுக்குப் பயந்தாரோ, பாவம்.

நம் சபை மட்டும் யோக்கியமா என்று கேட்பாய். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் இறைச்சியை விட்டவர்கள் அடுத்த வீட்டு மீன்குழம்பு வாசத்தை மோப்பம் பிடிப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். அதைவிடப் பெரிய கதையும் உண்டு. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். இன்றும் கம்மலைக் கழற்றிய கையோடு, வரனுக்கு என்ன சாதி என்று விசாரிக்கிறவர்களை எனக்குத் தெரியும். சீரகத்தில்கூடத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை ஆண்டவர் திட்டியது சும்மாவா?

நீ சபையை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஜெபக்குழுதான் பிரசவத்தின்போது உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது, அதை மறக்கக் கூடாது. மாப்பிள்ளையோடு போய்ப் பாஸ்டரைப் பார். மரியாதையாகப் பேசு, அந்தப் பின்னல் விஷயத்தையும் கேள். கழற்ற வேண்டும் என்று உனக்கே மனதில் பட்டால் தாராளமாகக் கழற்று, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். திருவிருந்து கிடைக்க வேண்டுமே என்பதற்காக மட்டும் கழற்றாதே. கழற்றினால் பீரோவில் போட்டு வைக்காமல் பேங்க் லாக்கரில் வை. தங்கம் விற்கிற விலை உனக்குத் தெரியும்.

அன்புடன்,
அம்மா
பாளையங்கோட்டை